கனடாவில் குளிர்காலம்: ஐஸ் தரையும் அமெரிக்கத் தகராறும்

அடுத்த ஆண்டு வேலை விஷயமாக ஒட்டாவாவுக்குக் குடிவரப் போவதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இது: கனடாவில் ஜனங்களின் அன்றாட வாழ்க்கை எப்படி, பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள், அமெரிக்காவோடு நடக்கிற தகராறைப் பற்றி அங்கே இருப்பவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? கூடவே ஒரு சந்தேகம்: இத்தனை மாதம் பனி கிடக்கிற ஊரில் எல்லாரும் வீட்டுக்குள் முடங்கித்தான் கிடக்க வேண்டுமா?

அந்தச் சந்தேகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். யாரும் முடங்கிக் கிடப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், இங்கே அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அதிகம் பார்ப்பதே குளிர்காலத்தில்தான், அதுவும் வீட்டுக்கு வெளியே. கோடையில் ஆளுக்கொரு பக்கம் ஏரி, காட்டேஜ் என்று கிளம்பிவிடுவார்கள். ஜனவரியில் தெருவே ஒன்றுகூடுவது ஐஸ் மேல். நாட்டு நடப்பு பேசுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் ஐஸை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கனடா முழுவதும் ஒரே மாதிரிக் குளிர் இல்லை. வான்கூவரில் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழை. வினிபெக், சாஸ்கட்டூன் பக்கம் காலையில் கார் கிளம்ப வேண்டுமே என்று ராத்திரி எஞ்சினுக்கு மின்சார ஹீட்டர் மாட்டி வைப்பார்கள். டொராண்டோவில் பனி விழும், கரையும், மறுபடி விழும். ஒட்டாவாவில் விழுந்த பனி நிற்கும். ஜனவரியில் ராத்திரிக் குளிர் சராசரியாக மைனஸ் 14, 15 டிகிரி. சில நாள் மைனஸ் 30 பக்கம் போகும். நான் சொல்வதெல்லாம் இந்த ஊர்க் கணக்கு.

இங்கே காலையில் எழுந்ததும் எல்லாரும் பார்ப்பது வானிலை. டிகிரியைவிடக் காற்றோடு சேர்ந்த குளிர் எவ்வளவு என்பதுதான் முக்கியம். தோல் எத்தனை நிமிடத்தில் உறையும் என்பதை அதுதான் சொல்லும். ராத்திரி பனி கொட்டியிருந்தால் முதல் வேலை மண்வெட்டியோடு வெளியே போவது. வீட்டு வாசலைச் சுத்தம் செய்து நிமிரும்போது நகராட்சியின் பனித்தள்ளு வண்டி தெருவில் வந்து, தெருப் பனியையெல்லாம் நம் கார் வெளியேறுகிற வாயில் குறுக்கே வரப்பு மாதிரி போட்டுவிட்டுப் போகும். அது சாதாரணப் பனி இல்லை; உப்பும் அழுக்கும் ஈரமும் சேர்ந்து கட்டியாக இறுகியிருக்கும். அதை வெட்டி எடுப்பதுதான் உண்மையான வேலை. வயதானவர்கள் வீட்டு வாசலில் அந்த வரப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமலே எடுத்துவிடுவார். இதற்கு நன்றி சொல்லவோ பேசவோ பெரிதாக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் யார் யாருக்கு எடுத்துவிடுகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

டிசம்பரில் சாயங்காலம் நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். புதிதாக வருகிறவர்களை வாட்டுவது குளிரைவிட இந்த இருட்டுதான். இதற்கு மருந்து வெளியே போவது. அதற்குத்தான் ஐஸ்.

ஒட்டாவாவில் நகரம் முழுக்கப் பூங்காக்களில் 200-க்கு மேல் திறந்தவெளி ஸ்கேட்டிங் தளங்கள் உண்டு. அவற்றை நகராட்சி ஆட்களே போடுவதாக நினைத்துவிடாதீர்கள். நகராட்சி தண்ணீரும் விளக்கும் கொஞ்சம் பணமும் கொடுக்கும். தளத்தைப் போட்டுப் பராமரிப்பது பெரும்பாலும் அந்தந்தப் பேட்டைக்காரர்கள். அலுவலகம் போய்விட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். எனக்கு இந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது பாராளுமன்றக் கட்டடத்தைப் பார்த்து அல்ல, இவர்களைப் பார்த்துத்தான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் அதில் இறங்கக்கூடும். தரையில் அப்படியே தண்ணீரைக் கொட்டினால் ஐஸ் தளம் வராது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், அல்லது மேடு பள்ளமாக உறையும். முதலில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டராவது பனி விழ வேண்டும். அதை நாலைந்து பேர் பக்கம் பக்கமாக நின்று காலால் மிதித்து இறுக்குவார்கள். அப்புறம் அதன்மேல் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் குழைத்து உறையவிட்டால் அடித்தளம். அதற்கு மேல் மண் தரையைச் சாணம் போட்டு மெழுகுவதுபோல மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. மைனஸ் 10-க்குக் கீழே இருக்கும் ராத்திரிதான் இதற்கு நல்லது. அவசரப்பட்டுக் கனமாக ஊற்றினால் மேலே ஓடு கட்டி, உள்ளே காற்று நிற்கும். மறுநாள் ஏதாவது ஒரு பிள்ளையின் ஸ்கேட் அதில் பொதுக்கென்று இறங்கி முகம் அடிபடும். அதனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விடுவதற்கு முன் தளத்தைச் சுரண்டிப் பெருக்கிவிட்டுத்தான் விடுவார்கள். சூடான தண்ணீர் கிடைத்தால் இன்னும் விசேஷம். மேல்பரப்பைக் கொஞ்சம் உருக்கிச் சேர்ந்து உறைவதால் கண்ணாடி மாதிரி வரும். குழாயை நடுவில் கீழே போட்டு வைக்கக் கூடாது, நிமிடத்தில் உள்ளே உறைந்துவிடும். முடிந்ததும் குழாயைத் தோள்மேல் போட்டுக் கடைசிச் சொட்டு வரை வடித்து, சூடான அறைக்குள் சுருட்டி வைப்பார்கள்.

இப்படி வீட்டுப் பின்கட்டிலேயே தளம் போடுகிற அப்பாக்களும் உண்டு. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களில் (இங்கே ஹாக்கி என்றாலே அதுதான்) பெரியவர் என்று சொல்லப்படும் வேய்ன் கிரெட்ஸ்கி, பிராண்ட்ஃபோர்டில் தன் அப்பா வால்டர் வீட்டுக்குப் பின்னால் போட்ட ஐஸில்தான் ஆடக் கற்றுக்கொண்டார். இங்கே பிள்ளைகளுக்குத் தூங்கப்போகும் முன் சொல்கிற கதை அது.

பொதுத் தளத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு ஷின்னி என்று பெயர். நடுவர் இல்லை, சீருடை இல்லை, வயசு வித்தியாசம் இல்லை. அணி பிரிக்கிற விதத்தைப் பாருங்கள்: வந்திருக்கிற எல்லாரும் தங்கள் மட்டையை ஐஸின் நடுவில் குவியலாகப் போடுவார்கள். யாரோ ஒருவர் குனிந்து, பார்க்காமலே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வீசுவார். உங்கள் மட்டை எந்தப் பக்கம் போய் விழுகிறதோ அதுதான் உங்கள் அணி. பன்னிரண்டு வயசுப் பையன், ஓய்வு பெற்ற தபால்காரர், நேற்று வந்து சேர்ந்த சிரியாக்காரர், அரசாங்கத் துறைத் தலைவர் எல்லாரும் ஒரே அணியில் வந்து சேர்வார்கள். பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டை, மேலே தூக்கி அடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளை மோதக் கூடாது. எழுதாத சட்டம் இவ்வளவுதான். ஸ்கேட் கட்டுகிற மரக்குடிலுக்குள் உட்கார்ந்து கயிறு இறுக்கும் பத்து நிமிடத்தில் வாடகை, தேர்தல், பள்ளிக்கூடப் பஸ், ராத்திரி ஆட்டம் எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். ஒரு புது ஆள் ஊரோடு ஒட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஹாக்கியைச் சட்டம் போட்டே தேசிய விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். 1994-இல் வந்த சட்டத்தின்படி குளிர்கால விளையாட்டு ஹாக்கி, கோடை விளையாட்டு லக்ராஸ், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடுவது. சனிக்கிழமை ராத்திரி டிவியில் ஹாக்கி என்பது 1952 முதல் வருகிற பழக்கம். 2008-இல் அதைப் பஞ்சாபி வர்ணனையோடும் ஒளிபரப்பத் தொடங்கினார்கள், கேட்கவே ஆசையாக இருக்கும். 2024 ஜனவரி 1-ஆம் தேதி பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியது. ஒட்டாவாவுக்கும் அதில் அணி உண்டு. அந்த ஆட்டங்களுக்குச் சின்னப் பெண்பிள்ளைகள் கையால் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை விஷயத்தில் மட்டும் பெரிய ஏக்கம். அதைக் கொடுத்தவர் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு, 1892-இல். ஆனால் 1993-இல் மான்ட்ரியல் வென்றதற்குப் பிறகு கனடா அணி ஒன்றும் அதைத் தொட்டதில்லை. எட்மன்டன் 2024, 2025 இரண்டு ஆண்டும் இறுதிச் சுற்று வரை போய் ஃபுளோரிடாவிடம் தோற்றது.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். லீக்கில் பிள்ளையைச் சேர்த்தால் பதிவுக் கட்டணம், உபகரணம், வெளியூர்ப் பயணம் என்று போட்டி நிலையில் ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. குடியேறிய குடும்பங்களில் பலரும், உள்ளூர்க் குடும்பங்களில் பலரும், கால்பந்து, கூடைப்பந்து பக்கம் போவதற்கு அது ஒரு காரணம். அதனால்தான் காசில்லாமல் ஆடக்கூடிய அந்தப் பூங்காத் தளங்களை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன்.

இனி பெரிய ஐஸுக்கு வருவோம். ஒட்டாவா நடுவே ஓடும் ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்கேட்டிங் பாதையாகிவிடும். இலையுதிர்காலத்தில் தண்ணீரை வடித்து மட்டத்தைக் குறைப்பார்கள். ஐஸ் 30 சென்டிமீட்டர் கனம் வந்தால்தான் பராமரிப்பு வண்டிகளை ஏற்றித் திறப்பார்கள். கட்டணம் கிடையாது. காலையில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு டௌஸ் ஏரிப் பக்கத்திலிருந்து சறுக்கியே ஆபீஸ் போகிறவர்கள் உண்டு. படிக்கட்டில் உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றி ஷூ மாட்டுவார்கள். வழியில் பீவர்டெய்ல் கடை இருக்கும். நீளமாக இழுத்துப் பொரித்த மாவின்மேல் இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும். மைனஸ் 15-இல் கையுறையைக் கழற்றி அதைப் பிடித்துக்கொண்டு தின்பது தனி சந்தோஷம்.

இந்தப் பாதை தொடங்கியது 1971 ஜனவரியில். தலைநகர ஆணையத்தின் தலைவராக இருந்த டக்ளஸ் ஃபுல்லர்டன், துடைப்பமும் மண்வெட்டியும் கொடுத்து ஆட்களை ஐஸில் இறக்கினார். கால்வாயோ அதைவிட ரொம்பப் பழசு, அதைக் கட்டிய காரணமோ வேறு. உங்கள் மூன்றாவது கேள்விக்கு அந்தக் காரணம்தான் வாசல்.

1812-இல் அமெரிக்கா இந்தப் பகுதியின்மேல் படையெடுத்தது. 1813-இல் இன்றைய டொராண்டோவைப் பிடித்துக் கொளுத்தினார்கள். மான்ட்ரியலிலிருந்து மேற்கே சரக்கும் படையும் போக இருந்த முக்கிய நீர்வழி செயின்ட் லாரன்ஸ் ஆறு. அதில் ஒரு நீண்ட பகுதிக்கு எதிர்க்கரை அமெரிக்கா. அக்கரையில் பீரங்கி வைத்தால் கதை முடிந்தது. அதற்காக எல்லையை விட்டுத் தள்ளி, ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டருக்கு ஒரு மாற்று வழியை கர்னல் ஜான் பை 1826-இலிருந்து 1832 வரை கட்டினார். அயர்லாந்துக்காரர்களும் பிரெஞ்சுக் கனடியர்களுமாக வந்த கூலிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், நிறையப் பேர் மலேரியாவில். ஆம், கனடாவில் மலேரியா. நாங்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சறுக்குகிற ஐஸ், அமெரிக்காவுக்குப் பயந்து வெட்டிய கால்வாயில்தான் கிடக்கிறது. ரொம்ப காலம் இது வெறும் பாடப்புத்தக விஷயமாக இருந்தது. 2025 குளிர்காலத்தில் அப்படி இல்லாமல் போனது.

அந்த ஜனவரியில் டிரம்ப் கனடாவை 51-ஆவது மாநிலம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்ச் 4-ஆம் தேதி கனடாப் பொருட்களுக்கு 25 சதவீதமும் எரிபொருளுக்கு 10 சதவீதமும் வரி போட்டார். ஒரு சில நாளிலேயே அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பொருட்களுக்கு விலக்குக் கொடுத்தாலும், எஃகுக்கும் அலுமினியத்துக்கும் போட்ட வரி ஜூனில் 50 சதவீதம் ஆனது. 2024-இல் கனடா ஏற்றுமதி செய்த சரக்கில் சுமார் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது. எல்லையை ஒட்டிய வின்ட்சரில் செய்கிற கார்ப் பாகம் வண்டியாகி வெளியே வருவதற்குள் எல்லையைப் பல தடவை தாண்டும். ஹாமில்டன், சூ செயின்ட் மரி மாதிரி எஃகு ஊர்களில் இது சோற்றுப் பிரச்சினை.

இங்குள்ள சாதாரண ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அவர்கள் பேசியதைவிடச் செய்ததைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்காத ஆள் இல்லை என்று ஆயிற்று. ‘கனடாவின் தயாரிப்பு’ என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய எல்லாமே கனடாவுடையது. ‘கனடாவில் செய்தது’ என்றால் கடைசியாக உருமாற்றியது இங்கே, மூலப்பொருள் வெளியிலிருந்து வந்திருக்கலாம். உணவாக இருந்தால் அதையும் அட்டையில் குறிப்பிட வேண்டும். இந்த வித்தியாசத்தை அதற்கு முன் யாரும் கவனித்ததில்லை. பிப்ரவரி மாதத்தில் கடை நடுவே நின்று, முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு டப்பா தக்காளி இத்தாலியா கலிஃபோர்னியாவா என்று சேர்ந்து தேடிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் இங்கே கீரை, லெட்யூஸ், ஸ்ட்ராபெரி எல்லாம் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்துதான் வரும். அதை விட்டுவிட்டு முட்டைக்கோஸும் கேரட்டும் சமைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆரஞ்சுக்கு மொராக்கோ, ஸ்பெயின். ஒன்டாரியோ அரசின் மதுக்கடைகள் மார்ச் 4 அன்றே அமெரிக்கச் சரக்கை எடுத்துவிட்டன, சுமார் 3,600 வகை. அந்த அலமாரிகள் வெறுமனே கிடந்ததைக் குடிக்காதவர்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவுக்குக் காரில் போய்த் திரும்பிய கனடாக்காரர்களின் எண்ணிக்கை முந்தைய ஏப்ரலைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வருஷா வருஷம் ஃபுளோரிடாவுக்குப் போகும் வயசானவர்கள் அங்கே வைத்திருந்த வீட்டை விற்பதைப் பற்றிப் பேசினார்கள். கூட்டம் போட்டு யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

எல்லாம் சேர்ந்து வெடித்தது ஐஸில்தான். பிப்ரவரி 1 அன்று ஒட்டாவாவில் நடந்த ஹாக்கி ஆட்டத்தில் அமெரிக்க தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் ஊளையிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை; பாடுகிறவரும் ஆடுகிறவர்களும் என்ன செய்தார்கள்? ஆனால் வேறு நாட்டின் கீதத்துக்கு எழுந்து நிற்கிற பழக்கம் ஊறிய ஜனங்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் இதைச் செய்தார்கள் என்றால் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 20 அன்று பாஸ்டனில் நான்கு நாடுகள் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டம், கனடாவும் அமெரிக்காவும். கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்த கோலில் கனடா 3-2 என்று வென்றது. அந்த ராத்திரி எங்கள் தெருவில் கதவைத் திறந்துகொண்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள், உள்ளே போட்டிருந்த சட்டையோடேயே.

‘முழங்கையை உயர்த்து’ என்கிற கோஷமும் ஹாக்கியிலிருந்து வந்ததுதான். சாஸ்கட்செவனில் பிறந்த பழைய ஹாக்கி வீரர் கோர்டி ஹோ மூலையில் பக்குக்கு மோதும்போது முழங்கையால் எதிராளியைத் தள்ளி வைப்பதில் பேர்போனவர். மார்ச் மாதம் நடிகர் மைக் மையர்ஸ் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்றில் தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார். ஒரே வாரத்தில் அது தொப்பியிலும் சட்டையிலும் போராட்ட அட்டையிலும் ஏறிவிட்டது.

அரசியலில் இது என்ன செய்தது என்றால், ஜனவரியில் கருத்துக் கணிப்புகளில் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி இருபது புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தது. ஜனவரி 6-ஆம் தேதி லிபரல் கட்சிப் பிரதமர் ட்ரூடோ விலகப்போவதாக அறிவித்தார். கனடா மத்திய வங்கிக்கும் பிறகு இங்கிலாந்து வங்கிக்கும் ஆளுநராக இருந்த மார்க் கார்னி லிபரல் தலைவராகி, மார்ச் 14 அன்று பிரதமர் ஆனார். ஏப்ரல் 28 தேர்தலில் 343 இடங்களில் 169-ஐப் பிடித்துச் சிறுபான்மை அரசு அமைத்தார். எதிர்க்கட்சித் தலைவர் பொய்லியெவ்ர் இந்த ஒட்டாவா ஓரத்திலேயே இருக்கும் தன் சொந்தத் தொகுதியைத் தோற்றார். ஆகஸ்டில் ஆல்பர்ட்டாவில் ஒரு இடைத்தேர்தலில் நின்று மறுபடி உள்ளே வந்தார். மே மாதம் மன்னர் சார்லஸே வந்து பாராளுமன்றத்தில் உரை வாசித்தார். மன்னரோ ராணியோ நேரில் வந்து அதைச் செய்தது அதற்கு முன் 1977-இல். முடியாட்சி எதற்கு என்று கேட்கிற என் நண்பர்கள் சிலரும் அன்று சாலை ஓரத்தில் நின்றார்கள்.

இந்த ஒற்றுமையைப் பார்த்து எல்லாரும் ஒரே கருத்து என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் எடுக்கிற ஆல்பர்ட்டாவில் அதைத் துருப்புச்சீட்டாக்கப் பேசினால் கோபப்படுவார்கள்; பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்குத் தனிக் கணக்குகள் உண்டு. அமெரிக்கப் பொருட்களுக்குக் கனடா பதிலுக்குப் போட்ட வரிகளில் பலவற்றைக் கார்னி அரசு 2025 செப்டம்பர் 1 முதல் எடுத்தபோது, முழங்கையை இறக்கிவிட்டார் என்று திட்டியவர்களும் உண்டு, நிதானமான காரியம் என்றவர்களும் உண்டு. என் எண்ணம், சிறிய நாடு பெரிய நாட்டோடு வரிச் சண்டையில் ரொம்ப தூரம் போக முடியாது. ஆனால் கடையில் அட்டையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் யாரும் கையெழுத்துப் போட்டு எடுக்கக்கூடியது அல்ல. மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் 2026 ஜூலையை மறு ஆய்வுக்கென்றே குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வரும்போதும் இந்தப் பேச்சு ஓயாமல்தான் இருக்கும்.

டிரம்பைப் பற்றிப் பேசாத நேரத்தில் பேசுவது வீடும் டாக்டரும். ஒன்டாரியோவில் 2024-இல் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குடும்ப டாக்டர் இல்லாமல் இருந்தது. வந்த வாரமே மாகாணச் சுகாதார அட்டைக்கு விண்ணப்பியுங்கள், டாக்டருக்கான காத்திருப்புப் பட்டியலில் பேர் கொடுங்கள். தெரிந்தவர்களையும் கேட்டுக்கொண்டே இருங்கள். பலருக்கும் டாக்டர் கிடைத்தது வாய்வழிச் செய்தியாகத்தான். வாடகையும் வீட்டு விலையும் ஏறியதன் கோபம் குடியேற்றத்தின் மேல் திரும்பியிருக்கிறது. 2025-க்கு நிரந்தர வசிப்புரிமைக்கான இலக்கை 5 லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வந்தது. கட்டாத வீட்டுக்குக் குடியேறிகளைக் குறை சொல்வது நியாயம் இல்லை என்பது என் கருத்து. தெருவில் யாரும் உங்களிடம் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். ஆனால் பேச்சு மாறியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

ஐஸைப் பற்றிய கவலை ஒன்று பாக்கி. 2022-23 குளிர்காலத்தில் கால்வாய்ப் பாதை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. 1971-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஐஸ் 30 சென்டிமீட்டருக்குக் கனக்கவே இல்லை. அடுத்த ஆண்டும் சில நாட்களோடு முடிந்தது. 2025-இல் நல்ல குளிர் வந்து பல வாரங்கள் சறுக்க முடிந்தபோது ஊர் முழுக்க முகம் மலர்ந்தது, வெளிப்படையாகவே. கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐஸின் கனத்தை அளக்கவும் சீக்கிரம் உறைய வைக்கவும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூனில் காட்டுத்தீயின் புகை ஒட்டாவாவை மூடி, பகலிலும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. அந்த ஆண்டு நாடு முழுக்க எரிந்தது ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு அருகில் வரும். பருவநிலை மாற்றம் இங்கே கட்டுரைத் தலைப்பு அல்ல. பூங்காத் தளத்தில் குழாய் பிடிக்கிறவர் டிசம்பர் முடிந்தும் மழை பெய்வதைப் பார்த்து நிற்கிறார், அவ்வளவு நேரடியாக வந்துவிட்டது.

மற்ற பருவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் ராத்திரி உறைந்து பகலில் கரைகிற நாட்களில் மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும். 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. காய்ச்சுகிற தோப்புக்குப் போனால் சூடான பாகைப் பனிமேல் ஊற்றி, இறுகியதும் குச்சியில் சுற்றித் தருவார்கள். மே மாதம் டியூலிப் பூக்கள். இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து இளவரசி யூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் இருந்தார். 1945-இல் நெதர்லாந்து நன்றியாக ஒரு லட்சம் கிழங்குகளை அனுப்பியது, இன்றும் அனுப்புகிறது. கோடையில் ஏரி, படகு, கொசு. இலையுதிர்காலத்தில் பேஸ்பால்: 2025 நவம்பர் 1 அன்று டொராண்டோ புளூ ஜேஸ் அணி, வட அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 11 இன்னிங்ஸ் ஆடி 5-4 என்று தோற்றது. அந்தத் தோல்வியைப் பற்றி இன்னும் மனம் ஆறாமல் பேசுகிறவர்களைச் சந்திப்பீர்கள். நானும் அதில் ஒருவன்.

நம்மவர்கள் பெரும்பாலும் டொராண்டோவின் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம். ஒட்டாவாவில் கூட்டம் சிறிது, ஆனால் கோயிலும் கடையும் உண்டு. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016-இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஸ்கார்பரோ உறுப்பினரான ஹரி ஆனந்தசங்கரி 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். பொங்கல் நாளில் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தளத்துக்குக் கூட்டிப்போகிற வீடுகள் இங்கே ஏராளம்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது என்று சொன்னால்: புது ஸ்கேட் வாங்காதீர்கள். பழைய விளையாட்டுச் சாமான் கடைகளில் நல்ல ஸ்கேட் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சின்னதாக எடுங்கள். கால்விரல் முனையைத் தொட வேண்டும், குதிகால் அசையக் கூடாது. இரண்டு ஜோடி கனத்த சாக்ஸ் போட்டால் கால் சூடாகும் என்று நினைக்காதீர்கள், ரத்த ஓட்டம் நின்று சீக்கிரம் விறைக்கும். ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். முதல் நாளே கூர் தீட்டிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் கட்டாயம், வயசு எதுவானாலும். வார நாள் மதியம் பூங்காத் தளம் காலியாக இருக்கும், அப்போது போய் விழுந்து எழுந்து பழகுங்கள். கொஞ்சம் நிற்க வந்ததும் தளத்துக்குத் தண்ணீர் விடுகிற ராத்திரிக் குழுவில் பேர் கொடுத்துவிடுங்கள். ஸ்கேட்டிங் தெரியாவிட்டாலும் மண்வெட்டி பிடிக்க ஆள் எப்போதும் தேவை.